குத்தகையாய்ச் செலுத்தப்பட்ட இனிப்பு

ஓர் இனிப்புப் பண்டத்தின் வரலாற்றை அடுக்களையிலிருந்து தொடங்குவதே முறை. ஆனால் இத்தாலியின் சியெனா நகரத்துக்குரிய பான்ஃபோர்த்தேயின் வரலாறு ஒரு நிலக் கணக்கிலிருந்து தொடங்குகிறது. சியெனாவுக்கு அருகே மொந்தெசெல்சோ என்னும் இடத்தில் கன்னியர் மடம் ஒன்று இருந்தது. அந்த மடத்தின் நிலங்களில் பயிரிட்டவர்கள் அங்கிருந்த கன்னியாஸ்திரிகளுக்குச் செலுத்தவேண்டியவற்றைச் சொல்லும் 1205-ஆம் ஆண்டு லத்தீன் ஆவணத்தில், தேனிட்ட ரொட்டிகளும் மிளகிட்ட ரொட்டிகளும் குறிக்கப்பட்டுள்ளன. பான்ஃபோர்த்தேயைப் பற்றி எழுதும் எவரும் மேற்கோள் காட்டத் தவறாத ஆவணம் இது. பண்டத்தின் பழமைக்குச் சான்றாக இதைக் காட்டிவிட்டு அவர்கள் அடுத்த செய்திக்குப் போய்விடுகிறார்கள். நமக்கோ அந்த இடத்தைவிட்டு அத்தனை எளிதில் நகர முடியவில்லை.

காரணம் மிளகு. டஸ்கனியில் கோதுமை விளையும், திராட்சையும் ஆலிவும் விளையும், தேன் கிடைக்கும். மிளகு விளையாது. நிலத்தில் விளைந்ததில் ஒரு பங்கைக் கொடு என்பது உலகெங்கும் உள்ள வழக்கம். நம் கல்வெட்டுகளில் 'கடமை' என்ற சொல்லே நிலவரியைத்தான் குறித்தது. விளையாத பொருளைக் கொண்டு செய்த பண்டத்தைக் கொடு என்பது வேறு வகையான கோரிக்கை. குடியானவன் தன் தானியத்தைச் சந்தையில் விற்றுக் காசாக்கி, அந்தக் காசைக் கொண்டு கடல் கடந்து வந்த மிளகை வாங்கி, ரொட்டியில் இட்டு, மடத்தின் வாசலில் கொண்டு போய் வைக்கவேண்டும். அதைத் தன் வீட்டில் உண்டிருப்பான் என்று நினைக்க இடமில்லை. இன்று வண்ணக் காகிதத்தில் சுற்றிக் கிறிஸ்துமஸ் பரிசாகக் கைமாறும் ஒரு பண்டத்தின் முதல் தடயம் ஒரு குத்தகைச் சுமையாகக் கிடைக்கிறது என்பதே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

பான்ஃபோர்த்தேயை அறியாதவர்களுக்காக ஒரு விளக்கம். அது ரொட்டியும் அன்று, கேக்கும் அன்று. தோல் உரிக்காத வாதுமைப் பருப்புகள், சர்க்கரைப் பாகில் ஊறவைத்த ஆரஞ்சுத் தோல், நாரத்தை வகையைச் சேர்ந்த தடித்த தோலுள்ள 'சேத்ரோ' என்னும் பழம், முலாம்பழம் ஆகியவற்றைத் தேனும் சர்க்கரையும் சேர்த்துக் காய்ச்சிய பாகில் கொட்டி, இலவங்கப்பட்டை, கிராம்பு, சாதிக்காய், கொத்தமல்லி விதை, மிளகு முதலியவற்றின் பொடியும் சிறிது மாவும் கலந்து, இரு விரற்கடை உயரமுள்ள வட்டத் தட்டாக அழுத்திச் சுட்டெடுக்கிறார்கள். மாவு என்பது பெயருக்குத்தான். பருப்பையும் பழத்தையும் பிடித்து நிறுத்தும் அளவுக்கு இருந்தால் போதும். அடியில் காகிதம் போன்ற மெல்லிய வெள்ளைத் தகடு ஒன்று ஒட்டியிருக்கும். கத்தோலிக்கத் திருப்பலியில் வழங்கப்படும் நற்கருணை அப்பத்தின் வகையைச் சேர்ந்ததே அது. இத்தாலியர்கள் இரண்டையும் 'ஓஸ்தியா' என்ற ஒரே சொல்லால்தான் அழைக்கிறார்கள்.

பெயரிலும் ஒரு கதை உண்டு. 'பானே' என்றால் ரொட்டி, 'ஃபோர்த்தே' என்றால் வலுவானது, காரமானது. அக்காலத்து ரொட்டியில் ஈரமான பழங்கள் சேர்க்கப்பட்டதால் அது விரைவில் புளித்தது என்றும், ஃபோர்த்தே என்ற சொல் அந்தப் புளிப்பையே குறித்தது என்றும் ஒரு விளக்கம் கூறுவதுண்டு. காரமே காரணம் என்பது மற்றொன்று. பழைய பெயரான 'பான்பெபாத்தோ'வில் ஐயத்துக்கு இடமில்லை. அது மிளகு ரொட்டியேதான். அதிலுள்ள 'பெபே' லத்தீன் 'பிப்பெர்' என்பதிலிருந்தும், அது நம் நாட்டுப் 'பிப்பலி'யிலிருந்தும் வந்தது. பிப்பலி என்பது மிளகு அன்று, திப்பிலி. நெடுந்தொலைவு பயணித்த சரக்கோடு கூடவே சென்ற பெயர், வழியில் எங்கோ ஒரு மூட்டையிலிருந்து இன்னொரு மூட்டைக்குத் தாவிவிட்டது. இஞ்சியை இத்தாலியர்கள் 'த்ஸென்ஸெரோ' என்கிறார்கள். அதன் மூலத்தைத் தேடிப்போனால் நம் 'இஞ்சி'யில் வந்து நிற்கிறோம் என்பதை மொழியியலாளர்கள் பெரும்பாலும் ஒப்புக்கொள்கிறார்கள்.

1205-இல் அந்த மிளகு சியெனாவுக்கு எவ்வாறு வந்தது? யவனர் கலங்கள் பொன்னோடு வந்து மிளகோடு மீண்டதை அகநானூற்றில் படித்தவர்கள் நாம். முசிறியின் காலம் முடிந்து ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின்னும் சரக்கு அதே மலைச் சரிவுகளிலிருந்துதான் இறங்கியது. மாறியவை துறைமுகங்களும் வணிகர்களும்தாம். கொல்லத்திலும் மலபாரின் பிற துறைகளிலும் ஏறிய மிளகு ஏடன் வழியாகச் செங்கடலுக்குள் நுழைந்து, எகிப்தைக் கடந்து, அலெக்சாந்திரியாவை அடைந்தது. அந்தக் கடல்வழியில் மங்களூரில் பல ஆண்டுகள் வாழ்ந்து வணிகம் செய்த ஆபிரகாம் பென் யிஜு என்னும் யூத வணிகரின் 12-ஆம் நூற்றாண்டுக் கடிதங்கள் கெய்ரோவின் பழைய யூதத் தொழுகைக்கூடத்தில் கிடைத்தன. அமிதவ் கோஷ் 1992-இல் வெளியிட்ட 'இன் ஆன் ஆன்டிக் லேண்ட்' நூல் அவரைச் சுற்றியே எழுதப்பட்டது. அலெக்சாந்திரியாவில் வெனிஸ், ஜெனோவா, பீசா வணிகர்கள் மூட்டைகளை வாங்கிக்கொண்டார்கள். கிறிஸ்தவ நாடுகளுக்காக அலெக்சாந்திரியா செல்லும் மிளகுக் கப்பல் ஒன்றென்றால், சீனத்தின் சைத்தூன் துறைமுகத்துக்கு நூறு வருகின்றன என்று மார்க்கோ போலோ எழுதியதையும் இங்கே நினைவுகொள்ளலாம். ஐரோப்பாவுக்கு உயிராய் இருந்த வணிகம் மிளகுக்கொடி படர்ந்த நாட்டுக்கு ஓரத்துக் கணக்கு.

பீசாவில் 1202-ஆம் ஆண்டு, அதாவது மடத்து ஆவணத்துக்கு மூன்றாண்டுகள் முன்னர், லெயோனார்தோ என்பவர் ஒரு கணித நூலை எழுதி முடித்தார். பிற்காலம் அவரை ஃபிபனாச்சி என்று அறியும். 'லீபெர் அபாச்சி' என்னும் அந்நூல் இந்தியர்களின் ஒன்பது எண்களையும் சுழியத்தையும் கொண்டு கணக்கிடும் முறையை ஐரோப்பிய வணிகருக்குக் கற்பித்தது. அதிலுள்ள பயிற்சிக் கணக்குகளில் திரும்பத் திரும்ப வரும் சரக்குகளில் மிளகும் ஒன்று. இந்திய எண்களால் இந்திய மிளகின் விலையைக் கணக்கிடச் சொல்லித் தந்த புத்தகம் அது. மிளகைப் பறித்தவர்களுக்கு அந்தக் கணக்கில் இடமில்லை.

சியெனாவுக்குக் கடல் இல்லை, சொல்லிக்கொள்ளும்படியான ஆறும் இல்லை. மூன்று குன்றுகளின் முதுகில் அமர்ந்திருக்கும் ஊர். அதற்கு வாய்த்தவை இரண்டு. ஒன்று, வடக்கே பிரான்சிலிருந்து ரோமுக்கு யாத்ரீகர்கள் நடந்து சென்ற பிரான்சிஜேனா சாலை. மற்றொன்று, வட்டிக்கடை. 13-ஆம் நூற்றாண்டில் சியெனாவின் பொன்சிஞ்ஞோரி குடும்பத்தார் நடத்திய 'பெரும் பலகை' என்ற வங்கி திருத்தந்தையருக்கே பணம் கையாண்டது. சியெனா வணிகர்கள் பிரான்சின் ஷாம்பெயின் சந்தைகளில் கடை விரித்தார்கள். 1265-இல் துருவா நகரச் சந்தையிலிருந்து அந்திரேயா தே தொலொமேய் ஊருக்கு எழுதிய கடிதம் ஒன்று இன்றும் இருக்கிறது. அரசியல் செய்திகளுக்கு நடுவே மிளகு என்ன விலை, இஞ்சி என்ன விலை, குங்குமப்பூ என்ன விலை என்று அவர் வரிசையாகத் தெரிவிக்கிறார். துறைமுகம் இல்லாத குறை மட்டும் அந்த ஊரை அரித்துக்கொண்டே இருந்தது. 1303-இல் தலமோனே என்னும் சிறு கடற்கரை ஊரைத் துறவிகளிடமிருந்து விலைக்கு வாங்கிப் பெருந்துறையாக்க முயன்றார்கள். சேறும் காய்ச்சலும் மிஞ்சின. தாந்தே தம் காவியத்தின் 'தூய்மைபெறும் மலை'ப் பகுதியில் இந்த வீண் ஆசையைக் கேலி செய்து வைத்துவிட்டார். பக்கத்து ஊர்ப் பகை எழுநூறு ஆண்டு கழிந்தும் ஆறாமல் நிற்பதற்குக் கவிதையைப் போன்ற சாதனம் வேறில்லை.

தாந்தேயின் கேலி சமையலறையையும் விடவில்லை. 'நரக'த்தின் இருபத்தொன்பதாம் காண்டத்தில், பொய்ப்பொருள் செய்தவர்கள் நோயால் அழுகிக் கிடக்கும் பள்ளத்தில், கப்போக்கியோ என்ற ரசவாதி சியெனாக்காரர்களின் வெட்டிப் பெருமையை எள்ளுகிறான். அங்கே நிக்கோலோ என்ற ஒருவன் பெயர் வருகிறது. கிராம்பைப் பயன்படுத்தும் ஆடம்பர வழக்கத்தை முதன்முதலில் கண்டவன் என்பது அவனுக்குத் தரப்படும் அடையாளம். அவன் சலிம்பேனி குலத்தவனா, பொன்சிஞ்ஞோரி குலத்தவனா என்று உரைகாரர்கள் வேறுபடுகிறார்கள். சொத்தையெல்லாம் கூட்டாகத் தின்று தீர்த்த சியெனாவின் ஊதாரி இளைஞர் குழு ஒன்றைச் சேர்ந்தவன் என்பது பழைய உரைகளின் கருத்து. பான்ஃபோர்த்தேயின் செய்முறையையும் அவன் தலையில் கட்டுகிறது உள்ளூர் மரபு. அதற்குக் காவியத்தில் ஆதாரமில்லை. ஆனால் ஒன்று தெளிவு. கிராம்பு என்பது பணக்காரன் தன் பணத்தை மற்றவர் மூக்குக்கு அறிவிக்கும் வழியாக இருந்தது. இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. ஃப்ளாரன்ஸ் நகராட்சியில் பதவி வகிக்க ஏதேனும் ஒரு தொழிற்குழுவில் சேர்ந்தாக வேண்டும் என்ற விதி இருந்ததால் தாந்தே 1295-இல் ஒன்றில் சேர்ந்தார். மருத்துவர்களும் நறுமணச் சரக்கு விற்பவர்களும் சேர்ந்த குழு அது.

நறுமணச் சரக்குக் கடை என்பது அன்று மருந்துக்கடையும்தான். 'ஸ்பெசியாலே' எனப்பட்ட கடைக்காரர் மிளகையும் இஞ்சியையும் சர்க்கரையையும் ஒரே அலமாரியில் வைத்திருந்தார். உடலைச் சூடு, குளிர்ச்சி, ஈரம், வறட்சி என்று பகுத்துப் பார்த்த மருத்துவத்தில் மிளகு சூட்டுக்கும் வறட்சிக்கும் உரியது. குளிர்காலத்துக் கனத்த உணவைச் செரிக்கவைக்கும் என நம்பப்பட்டது. சித்த மருத்துவத்தின் திரிகடுகத்தை அறிந்த நமக்கு இதில் வியப்பில்லை. ஆகவே தேனில் பிசைந்த மிளகு ரொட்டி மடத்திலிருந்து மருந்துக்கடைக்கு நகர்ந்தது இயல்பானதே. நூற்றாண்டுகளாக அதைச் செய்து விற்கும் உரிமையைச் சியெனாவின் ஸ்பெசியாலேகளே வைத்திருந்தனர். இனிப்புக் கடைக்காரர் கைக்கு அது வந்தது வெகு பின்னால்.

கன்னியர் மடத்தில் நிகழ்ந்ததாகச் சொல்லப்படும் கதை ஒன்றும் வழங்குகிறது. சரக்கறையில் எலிகள் பைகளைக் கடித்து, சர்க்கரையும் வாதுமையும் நறுமணப் பொருள்களும் ஒன்றாய்க் கலந்து கொட்டிக் கிடந்தனவாம். பிரித்தெடுக்க முடியாத கன்னியாஸ்திரி ஒருத்தி எல்லாவற்றையும் தேனில் கொட்டிக் காய்ச்ச, மணம் எழுந்ததாம். அருகே வந்து பேசிய கறுப்புப் பூனை சாத்தான் என்று தெரிந்து அவள் விரட்டினாளாம். இனிய கதைதான். ஆயினும் 1205-இன் ஆவணத்தோடு வைத்துப் பார்க்கையில் ஒன்று உறுத்துகிறது. கதையில் ரொட்டியைச் செய்பவள் மடத்துக் கன்னி. ஆவணத்தில் ரொட்டியைக் கொண்டுவருபவன் குடியானவன். சாத்தான் வரைக்கும் இடம் கொடுத்த மரபு அவனுக்கு இடம் கொடுக்கவில்லை.

அவனை வேறோர் இடத்தில் பார்க்கலாம். சியெனாவின் நகர மன்றச் சுவரில் அம்ப்ரோஜியோ லொரென்செத்தி 1338-க்கும் 1339-க்கும் இடையே தீட்டிய நல்லாட்சி ஓவியத்தில், நகர வாயிலில் நாட்டுப்புறத்தார் விலங்குகளை ஓட்டிக்கொண்டும் சுமைகளோடும் மேலேறி வருகிறார்கள். ஒருவன் கழுத்தில் வெள்ளைப் பட்டையுள்ள கறுப்புப் பன்றியை ஓட்டி வருகிறான். எதிரே உயர்குடியினர் குதிரைமீது ஒய்யாரமாக வெளியேறுகிறார்கள். ஓவியர் அதை நல்லாட்சியின் விளைவு என்றே காட்டினார். 1348-இல் கொள்ளைநோய் வந்தது. நகரத்தார் பாதிக்குமேல் மாண்டனர். லொரென்செத்தியும் அதில் இறந்திருக்கக்கூடும். உலகிலேயே பெரியதாகக் கட்டத் தொடங்கிய பேராலயத்தின் விரிவுப் பகுதி பாதிச் சுவரோடு நின்றது, இன்றும் அப்படியே நிற்கிறது. சியெனா அதன் பிறகு முன்போல் எழவில்லை. 1555-இல் முற்றுகைக்குப் பணிந்து ஃப்ளாரன்ஸின் கைக்குப் போனது. அந்நகரம் தன் பழக்கங்களை அத்தனை பிடிவாதமாகக் காத்ததற்கு இந்தத் தேக்கமும் ஒரு காரணம் என்று நமக்குத் தோன்றுகிறது.

சென்ற டிசம்பரில் எங்களில் நால்வர் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடி இதைச் செய்து பார்த்தோம். வரலாற்றைப் படித்துவிட்டு நாவை மட்டும் பட்டினி போடுவது நியாயமில்லை என்பது எங்கள் வாதம். கால் கிலோ பாதாம், அதில் பாதி தோலோடு. கால் கிலோ பாகூட்டிய பழத்தோல். நூற்றைம்பது கிராம் தேன், அதே அளவு சர்க்கரை, நூறு கிராம் மாவு. ஆரஞ்சுத் தோலை நாங்களே மூன்று முறை வேகவைத்துக் கசப்பை வடித்துப் பாகில் இரண்டு நாள் ஊறப் போட்டோம். முலாம்பழத்துக்குப் பதிலாகப் பேக்கரிகளில் கிடைக்கும் டூட்டி ஃப்ரூட்டியைப் போடலாம் என்று ஒரு நண்பர் சொன்னார். பப்பாளிக்காயைத் துண்டாக்கிச் சாயமேற்றிப் பாகில் ஊறவைத்து, 'எல்லாப் பழங்களும்' என்று பொருள்படும் இத்தாலியப் பெயரைச் சூட்டி நாம் விற்கும் பண்டம் அது. ஒரே ஓர் இத்தாலியப் பெயர் எங்களிடம் இருந்தது, அதிலும் பழம் ஒன்றே ஒன்றுதான். விவாதத்துக்குப் பின் சேர்க்கவில்லை.

இந்தப் பண்டத்தில் எல்லாம் பாகின் பதத்தில் இருக்கிறது. தேனும் சர்க்கரையும் சேர்ந்து கொதிக்கையில் ஒரு சொட்டைக் குளிர்ந்த நீரில் விட்டால் விரல்களுக்கிடையே மெத்தென்று உருள வேண்டும். அதுவே தக்க பதம். அந்தக் கணத்தில் அடுப்பை அணைத்துப் பருப்பையும் பழத்தையும் பொடிகளையும் கொட்டிக் கிளறி, நீரில் நனைத்த கையால் தட்டில் அழுத்திவிட வேண்டும். சற்றே தாமதித்தால் கரண்டி நகராது. பிறகு மிதமான சூட்டில் அரை மணி சுட்டால் போதும். நாங்கள் மிளகின் அளவைப் பற்றி வாதிட்டுக்கொண்டிருந்த இரண்டு நிமிடங்களில் பாகு கல்பதத்தைத் தாண்டிவிட்டது. விளைந்தது கத்தியை மதிக்காத வட்டக் கல். சியெனாவுக்குத் தெற்கே பியென்சா என்னும் சிற்றூரில் ஆண்டிறுதி நாட்களில் 'பான்ஃபோர்த்தே விளையாட்டு' நடக்கும். நீண்ட மேசையில் பான்ஃபோர்த்தேயைச் சறுக்கிவிட்டு, கீழே விழாமல் விளிம்புக்கு மிக அருகில் நிறுத்துபவர் வெல்வார். எங்களுடையதை அங்கே அனுப்பியிருந்தால் நன்றாகவே ஆடியிருக்கும்.

மிளகின் அளவு பற்றிய அந்த வாதம் உண்மையில் ஐரோப்பா நடத்திய வாதம். இடைக்காலத்துச் செல்வர் வீட்டு உணவில் மிளகும் இஞ்சியும் கிராம்பும் இனிப்பு, புலால் என்ற வேறுபாடின்றி எங்கும் இருந்தன. பிறகு 1498-இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டில் இறங்கினார். 17-ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர்களும் ஆங்கிலேயர்களும் கப்பல் கப்பலாக மிளகைக் கொண்டுபோய்க் கொட்டினார்கள். விலை இறங்கியது, கைவினைஞர் வீட்டுச் சட்டியிலும் மிளகு விழுந்தது. அதே நூற்றாண்டில், 1651-இல் வெளியான லா வாரேனின் பிரெஞ்சுச் சமையல் நூல் புதிய சுவையை அறிவிக்கிறது. வெண்ணெய், மூலிகைகள், பொருளின் சொந்தச் சுவை. நறுமணச் சரக்குகள் பின்வாங்குகின்றன. எல்லோருக்கும் எட்டிய பொருள் உயர்குடியின் மேசைக்குத் தகுதியிழந்தது என்று இதை விளக்குவோர் உண்டு. மருத்துவக் கொள்கைகள் மாறியதே காரணம் என்பாரும் உண்டு. நாம் இரண்டையும் ஏற்கிறோம், முதலாவதைச் சற்றுக் கூடுதலாக. சட்ட மொழியே இதற்குச் சாட்சி. இடைக்கால இங்கிலாந்தில் ஓர் இராத்தல் மிளகு என்பது உண்மையான நிலவாடகை. பிற்காலத்தில் 'ஒற்றை மிளகு வாடகை' என்பது வாடகையே இல்லை என்பதன் நாகரிகப் பெயராயிற்று. பெர்முடாத் தீவில் பழைய அரசு மாளிகையைக் குத்தகைக்குப் பெற்ற ஃப்ரீமேசன் சங்கத்தார் 1816 முதல் ஆண்டுதோறும் ஆளுநரிடம் ஒரே ஒரு மிளகை வெள்ளித்தட்டில் வைத்து விழா எடுத்துச் செலுத்துகிறார்கள்.

பழைய சுவை முழுதும் அழியவில்லை. அது கிறிஸ்துமஸுக்குள் போய் ஒளிந்துகொண்டது. ஜெர்மனியின் லெப்கூக்கன், பிரான்சின் பேன் தெபீஸ், ஆங்கிலேயரின் கிறிஸ்துமஸ் புட்டிங், சியெனாவின் பான்ஃபோர்த்தே எல்லாம் ஒரே குடும்பம். ஆண்டு முழுவதும் மறந்திருந்த இடைக்காலத்தை டிசம்பரில் ஒரு வாரம் நாவில் வைத்துப் பார்க்கிறது ஐரோப்பா.

ஆனால் மிளகின் விலை இறங்கியதற்கு யாரோ விலை கொடுத்தார்கள். இங்கேதான் மொந்தெசெல்சோவின் குத்தகை வேறு உருவத்தில் நம் பக்கத்துக் கடலில் எழுகிறது. 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கைக்கு வந்த போர்த்துக்கீசியர், கோட்டை அரசனிடமிருந்து ஆண்டுதோறும் கறுவாவைத் திறையாகப் பெற்றனர். கறுவா உரிக்கும் பொறுப்பு சாலாகம சாதியினரின் குலக் கடமையாக்கப்பட்டது. தம் முன்னோர் தென்னிந்தியாவிலிருந்து வந்த நெசவாளர் என்று அச்சமூகத்தின் மரபு கூறும். 1656-இல் கொழும்பைக் கைப்பற்றிய டச்சுக் கம்பெனி அந்தக் கடமையை இன்னும் இறுக்கியது. ஆளுக்கு இவ்வளவு என்று அளவு. காட்டுக்குள் சென்று உரித்துச் சுமந்து வந்து தர வேண்டும். அனுமதியின்றிக் கறுவாவை விற்றாலோ மரத்தை அழித்தாலோ மரண தண்டனை. ஆங்கிலேயர் அந்தத் தனியுரிமையைக் கைவிட 1833 ஆக வேண்டியிருந்தது. கொழும்பு ஏழின் 'கறுவாத்தோட்டம்' இன்று மாளிகைகளின் பெயர். சாதிக்காயின் கதை இதினும் கொடிது. அது விளைந்த பாண்டா தீவுகளை 1621-இல் யான் பீட்டர்சோன் கூன் தாக்கினார். தீவு மக்களில் பெரும்பாலோர் கொல்லப்பட்டோ பட்டினியால் மாண்டோ அடிமைகளாக ஏற்றுமதியாகியோ போயினர். பிறகு அடிமைகளைக் கொண்டு தோட்டங்கள் நடத்தப்பட்டன.

மிளகு ரொட்டியைக் குடியானவன் சுமந்த சாலைக்கும் கறுவாக் கட்டைச் சாலாகமன் சுமந்த காட்டுப்பாதைக்கும் இடையே நானூறு ஆண்டுகளும் பாதி உலகமும் கிடக்கின்றன. ஒருவரை ஒருவர் அறிந்திருக்க முடியாது. இருவர் சுமையும் ஒரே வட்டத் தட்டில் இருக்கிறது.

மரபு எப்படி உண்டாக்கப்படுகிறது என்பதற்கும் பான்ஃபோர்த்தே நல்ல பாடம். அதில் பதினேழு பொருள்கள் இருக்க வேண்டும், சியெனாவின் பதினேழு பேட்டைகளுக்கு ஒவ்வொன்று என்பார்கள். கோடையில் பாலியோ குதிரைப் பந்தயம் ஓடுகின்ற அந்தப் பேட்டைகளின் எண்ணிக்கை பதினேழென்று வரையறுக்கப்பட்டது ஆளுநர் வியோலாந்தே பெயாத்ரிசேயின் ஆணையால், 1730-இல். ஆகவே அந்தக் கணக்கு எவ்வளவு பழையதாயினும் அதற்கு முந்தையதாக இருக்க முடியாது. எண்ணிக்கை குறையும்போது தண்ணீரையும் நெருப்பையும் சேர்த்துக்கொள்வோரும் உண்டு.

1879-இல் உம்பெர்த்தோ அரசரும் மார்கெரித்தா அரசியும் பாலியோவைக் காணச் சியெனாவுக்கு வந்தனர். அரசிக்கென்று புதிய வகை ஒன்று செய்யப்பட்டது. மேலே பூசும் மிளகுப் பொடிக்குப் பதில் வெண்மையான சர்க்கரைத் தூள், உள்ளேயும் காரம் குறைவு, நாரத்தையும் ஆரஞ்சும் தூக்கல். பான்ஃபோர்த்தே மார்கெரித்தா என்று பெயரிட்டார்கள். நேப்பிள்ஸின் பீட்சாவுக்கும் பெயர் தந்ததாகச் சொல்லப்படும் அதே அரசிதான். பீட்சாக் கதையை ஆய்வாளர்கள் இப்போது அவ்வளவாக நம்புவதில்லை. இன்று கடைகளில் அதிகம் காணப்படுவது வெள்ளை வகையே. மிளகு அரியதாய் இருந்தபோது அதைக் கேட்டு வாங்கினார்கள். மலிந்தபோது அரசியின் நாவுக்காக அகற்றினார்கள். பழைய கறுப்பு வகை ஒதுங்கி நின்று உயிர் பிழைத்தது.

மருந்துக்கடைகள் இதற்குள் தொழிற்சாலைகளாகியிருந்தன. சப்போரி நிறுவனம் 1832-இல் தொடங்கியது. 1990 உலகக் கோப்பைக் கால்பந்துப் பாடலை எதோவார்தோ பென்னாத்தோவோடு சேர்ந்து பாடிய ஜான்னா நன்னீனி, இப்பண்டத்துக்குப் பேர்போன மற்றொரு சியெனாக் குடும்பத்தில் பிறந்தவர். 2013-இல் ஐரோப்பிய ஒன்றியம் 'சியெனாவின் பான்ஃபோர்த்தே' என்ற பெயருக்குப் புவிசார் பாதுகாப்பு வழங்கியது. சியெனா மாவட்டத்தில், விதித்த முறையில் செய்தால் மட்டுமே அந்தப் பெயரை இடலாம். எங்களுடையதற்கு அந்தப் பெயர் பொருந்தாது என்பதைச் சட்டத்துக்கு அஞ்சி இங்கே பதிவு செய்கிறோம்.

அந்தக் கல்லைத் தூக்கி எறிய மனமின்றித் தகர டப்பா ஒன்றில் போட்டு மறந்திருந்தோம். பொங்கல் கழிந்து ஒரு வாரத்துக்குப் பின் டப்பாவைத் திறந்தபோது, தேன் சென்னைக் காற்றின் ஈரத்தையெல்லாம் குடித்து வட்டம் சற்று நெகிழ்ந்திருந்தது. கத்தி இறங்கியது. முதலில் தேனும் ஆரஞ்சும், பிறகு கறுவா, எல்லாம் விழுங்கிய பின்னர் தொண்டையில் மெல்ல ஏறும் மிளகு. அந்த மிளகு வயநாட்டிலிருந்து வந்தது, கிலோ என்ன விலை என்று ரசீதில் இருந்தது. நால்வரும் ஆளுக்கு இரண்டு துண்டு தின்றோம்.